காந்தத் தூண்டில் விளையாட்டு: ஒரு காந்தம் மீனைத் தூக்கவில்லை, இன்னொன்று கொத்தாகத் தூக்குகிறது

வேப்பநிழல் கேட்டது:

வணக்கம். குடியிருப்புச் சங்கக் கட்டடத்தில் கோடை விடுமுறைக்கு ஒருநாள் விளையாட்டு வைக்கிறோம். பிள்ளைகள் 14 பேர்; சின்னவளுக்கு வயது 3, பெரியவனுக்கு 9. ஒரு மூலையில் காந்தத் தூண்டில் வைக்க எண்ணம். சார்ட் அட்டையில் மீன், வாயில் ஜெம் கிளிப், குச்சியில் நூல், நூல் முனையில் காந்தம் என்று வழக்கமான முறையில் மாதிரி ஒன்று செய்தாயிற்று. சரிப்படவில்லை.

ஃபிரிட்ஜில் ஒட்டும் ஸ்டிக்கர் காந்தம் ஒரு மீனைக்கூடத் தூக்கவில்லை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம் தூக்குகிறது, ஆனால் மூன்று நான்கு மீன்கள் கொத்தாக வருகின்றன. அதன் கனத்தில் நூல் ஊஞ்சல் ஆடுவதால் குறிபார்த்து இறக்கவும் முடியவில்லை. ஃபெவிக்விக்கில் ஒட்டிய சின்னக் காந்தம் இரண்டு முறை தரையில் பட்டதும் கழன்று ஓடிவிட்டது.

எந்தக் காந்தம் வாங்கலாம்? குச்சியும் நூலும் எவ்வளவு நீளம்? தண்ணீரில் விடலாமா, தரையே போதுமா? 3, 4 வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?


தக்கை எழுதியது:

ஸ்டிக்கர் காந்தம் இதற்கு ஆகாது. ரப்பரில் காந்தத் தூளைக் கலந்து, வட துருவமும் தென் துருவமும் வரிவரியாக மாறிமாறி வரும்படி பதித்த சாமான் அது. கதவோடு ஒட்டிக் கிடக்கும்போது பிடிக்கும், ஒரு மில்லிமீட்டர் விலகினாலே பிடி விட்டுப்போகும். ஜெம் கிளிப் மெல்லிய வளைந்த கம்பி. அதில் பாதிக்கு மேல் காந்தத்தைத் தொடாமலே நிற்கும்.

உங்களுக்கு வேண்டியது ஃபெரைட் காந்தம். கறுப்பாக, மண்சட்டி ஓடுபோல நொறுங்கும் தன்மையோடு இருக்கும், துருப்பிடிக்காது. 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் உள்ள வில்லை போதும். சென்னையில் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடையில் அலமாரிக் கதவுக்குப் போடும் மேக்னட் கேட்ச் வாங்குங்கள். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஃபெரைட் துண்டும் இருபுறமும் இரும்புத் தகடும் இருக்கும். ஸ்பீக்கர் காந்தத்தைச் சுத்தியலால் உடைத்துச் சின்னதாக்கப் பார்க்காதீர்கள். சில்லு கண்ணாடிபோலக் கூராக உடையும், உடைந்த துண்டுகள் ஒன்றையொன்று இழுத்துக் கையையும் கிள்ளும்.

காந்தத்தைக் கட்டும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வில்லையின் துருவங்கள் தட்டையான இரண்டு முகங்களில் இருக்கின்றன. துளையுள்ள காந்தத்தில் நூலைக் கோத்து அப்படியே தொங்கவிட்டால் அது பக்கவாட்டில் திரும்பி விளிம்பு கீழ்நோக்கும், பிடி பாதியாகிவிடும். தட்டை முகம் தரையைப் பார்க்க வேண்டும். அதற்குக் குடிநீர் பாட்டில் மூடி ஒன்று எடுத்து நடுவில் ஆணியால் துளையிடுங்கள். நூலை வெளியிலிருந்து உள்ளே விட்டு, சின்னச் சட்டைப் பொத்தானில் கோத்து முடிச்சுப் போடுங்கள். பொத்தான் இருந்தால் முடிச்சு துளை வழியே உருவி வராது. அதன்மேல் எம்-சீல் பிசைந்து நிரப்பி, காந்தத்தை அதில் அழுத்தி மூடி விளிம்போடு சமமாக நிறுத்துங்கள். விளிம்புக்குக் கீழே புதைந்தால் கிளிப்பை எட்டாது. மறுநாள்வரை காயட்டும். ஃபெவிக்விக் இறுகியதும் கண்ணாடிபோல நொறுங்கக்கூடியது, அதனால்தான் தரையில் பட்ட அதிர்ச்சியில் உங்கள் காந்தம் கழன்றது. வெறும் பசைதான் வேண்டுமென்றால் இரண்டு டியூப் கலந்து போடும் எபாக்சி போடலாம்.

கொத்தாக வருவதற்குக் காரணம் வேறு. காந்தம் பட்ட கிளிப் அந்த நேரத்துக்குத் தானும் காந்தமாகிப் பக்கத்துக் கிளிப்பை இழுக்கும். மீன் வாய்கள் நெருக்கமாகக் கிடந்தால் சங்கிலி போடும். கிளிப்பை முழுக்க வெளியே விடாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டி, 8 மி.மீ. மட்டும் வெளியே தெரியட்டும். மீன் 12 செ.மீ. நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் வாயும் வாயும் எளிதில் முட்டாது. அப்படியும் இரண்டு வந்தால் காந்த முகத்தில் இன்சுலேஷன் டேப் ஒவ்வொரு சுற்றாக ஒட்டிப் பாருங்கள். ஒரு மீன் வந்து இரண்டாவது உதிரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ரேடியோவில் வால்யூம் குறைக்கிற மாதிரிதான்.

காந்தம் தூண்டிலில் மட்டும் இருக்கட்டும். மீனிலும் காந்தம் வைத்தால் சில மீன்கள் விலகி ஓடும், மிச்சம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

குச்சிக்குச் செய்தித்தாளே போதும். முழு விரிப்பு ஒன்றை மூலையிலிருந்து குறுக்காக, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைச் சுற்றி இறுக்கி உருட்டுங்கள், கடைசி மூலைக்கு ஃபெவிகால். கம்பியை உருவி, இரண்டு முனையிலும் மெலிந்து நொய்ந்த பகுதியை வெட்டினால் 45 செ.மீ. உறுதியான குழல் கிடைக்கும். நூலை முனையில் கட்டினால் வழுகும். குழலுக்குள்ளே விட்டுப் பிடிப் பக்கம் பொத்தானில் முடியுங்கள். வெளியே தொங்கும் நீளம் 30 செ.மீ. இருக்கட்டும். குச்சியைவிட நூல் நீண்டால் ஊஞ்சல் அடங்கவே அடங்காது. நூலுக்குச் சாக்குத் தைக்கும் பருத்தி நூல் நல்லது. மீன்பிடி நைலான் நரம்பு சுருண்டு சுருண்டு நிற்கும், கண்ணுக்கும் தெரியாது, கையில் இழுபட்டால் அறுக்கும்.


இரும்புக்கடைவீதி எழுதியது:

தக்கை சொன்னதில் மாற்றில்லை, ஆனால் ஃபெரைட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 8 மி.மீ. நியோடிமியம் பொத்தான் காந்தம் (சின்னதானாலும் பிடி மிகப் பலம்) ஒன்றை மரமணிக்குள் எபாக்சி வைத்துப் புதைத்தால் கனமே இருக்காது, ஊஞ்சலும் ஆடாது. பழைய இயர்போனிலிருந்தும் எடுக்கலாம்.

இரும்பு எது என்பதையும் பார்த்து வாங்குங்கள். ஜெம் கிளிப், மேலே கலர் பிளாஸ்டிக் பூசியதானாலும், உள்ளே இரும்புதான். பித்தளைக் குண்டூசி, அலுமினிய மூடி எல்லாம் ஒட்டாது. கண்ணாடி சோடா பாட்டிலின் பல்லுள்ள தகர மூடி ஒட்டும். எவர்சில்வரில் ஒட்டுவதும் உண்டு, ஒட்டாததும் உண்டு. இதனால் வரும் கூத்து என்னவென்றால், மீன்களை எவர்சில்வர் அண்டாவில் போட்டால் சில அண்டாவில் தூண்டில் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப் உத்தமம்.


மழலைவகுப்பு எழுதியது:

நியோடிமியம் யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள். 3 வயதுப் பிள்ளை இருக்கும் அறைக்குள் அது வரவே கூடாது. ஒரு காந்தம் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு போனால், அல்லது ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் போனால், குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடல்சுவர் ரத்த ஓட்டம் இல்லாமல் அழுகி ஓட்டை விழும். முதலில் சாதாரண வயிற்றுவலி, வாந்தி போலத்தான் தெரியும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, பிள்ளை நன்றாக இருந்தாலும், வாழைப்பழம் கொடுத்துக் காத்திராமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். மரமணி பிளந்தாலும் எபாக்சி விட்டாலும் அந்த 8 மி.மீ. காந்தம் கையில் வந்துவிடும்.

தக்கையின் பாட்டில் மூடியிலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். பொம்மைச் சோதனையில் சின்னப் பாகமா என்று பார்க்க 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆகாது. குடிநீர் பாட்டில் மூடி ஏறக்குறைய 30 மி.மீ. தான், உள்ளே போய்விடும். உங்கள் சின்னவளுக்கு இப்போதுதான் 3 என்பதால் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். கலந்த வயதுக் கூட்டத்துக்கு மேக்னட் கேட்ச்தான் சரி: நீளமாக இருக்கும், காந்தம் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். 6 செ.மீ.க்கு மேல் நீளமுள்ளதாகப் பார்த்து வாங்கி, அது கூட்டிலிருந்து ஆடுகிறதா, கழல்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். திருகாணி போடும் இரண்டு துளைகளிலும் நூலைக் கோத்து, பட்டத்துக்குச் சூத்திரம் கட்டுவதுபோல முக்கோணமாக்கி நடுவில் முடியுங்கள். இரும்பு உதடுகள் இரண்டும் கீழே பார்த்து நிற்கும். பிடி பலமாக இருப்பதால் தக்கை சொன்ன டேப் வைத்தியம் இதற்குக் கட்டாயம் தேவைப்படும்.

3, 4 வயதுக்குத் தனித் தூண்டில் செய்யுங்கள். குச்சி 30 செ.மீ., நூல் 15 முதல் 20 செ.மீ. மட்டும், கழுத்தைச் சுற்ற வராத நீளம். குச்சி முனையில் பழைய காலுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டுங்கள். இந்த வயதில் தூண்டிலைத் தூக்குவது கிடையாது, வீசுவதுதான். பக்கத்துப் பிள்ளையின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

இவர்களுக்குக் கிளிப்பும் வேண்டாம். கிளிப்பை உருவி வாயில் போடுவது 3 வயதுக்கு இரண்டு நிமிட வேலை. சோடாத் தகர மூடியைச் சுத்தியலால் தட்டையாக்கி இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஃபெவிகால் பூசி, ஓர் இரவு புத்தகக் கட்டின் அடியில் அழுத்தி வையுங்கள். இரும்பு வெளியே தெரியாது, காந்தம் தாள் வழியாகவே பிடிக்கும். காந்தம் படும் பக்கத்து அட்டை சார்ட் அளவுக்கு மெலிதாக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டித் தடிமன் இடையில் வந்தால் பிடிக்காது. இன்னும் சின்னப் பிள்ளைகள் வந்தால் தூண்டிலே வேண்டாம், பெரிய டீ வடிகட்டியைக் கொடுத்து மிதக்கும் மீனை அள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.


கெண்டைக்குளம் எழுதியது:

தண்ணீரில் விடுவதைப் பற்றி. அட்டை மீனைச் சுற்றி செல்லோடேப் ஒட்டினால் தாங்கும் என்பார்கள். டேப் அட்டையின் ஓரத்தோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஓரம் ஊறி விரியும். இரண்டு பக்கமும் மெழுகு கிரேயான் அழுத்தித் தேய்த்து, அகல டேப்பை மீனுக்கு வெளியே 3 மி.மீ. விளிம்பு மிஞ்சும்படி இரு பக்கமும் ஒட்டி, டேப்போடு டேப் சேரும் இடத்தில் வெட்ட வேண்டும். ஆனாலும் கிளிப் நுழையும் வாய் வழியாகத் தண்ணீர் ஏறும். ஒரு மணி நேர விளையாட்டுக்கு அது போதும்.

நிலைக்க வேண்டுமென்றால் ரப்பர் செருப்பு. தேய்ந்த ஹவாய் செருப்பின் அடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் மீன் வரைந்து, சோப்புத் தண்ணீர் தடவிய கட்டர் பிளேடால் நாலைந்து இழுப்பில் வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்டினால் ஓரம் சரிந்துவிடும். ஒரு ஜோடியில் குதிகால் பக்கம் இரண்டு, முன்பக்கம் இரண்டு என்று நான்கு மீன் தேறும். துளை விழுந்த இடத்தையே கண்ணாக வைத்து வரைந்தால் அழகாகவும் இருக்கும். தெர்மாகோலும் மிதக்கும், ஆனால் பிள்ளைகள் கிள்ளிக் கிள்ளி டப் முழுக்கப் பரல் ஆக்கிவிடுவார்கள். ஃபெவிக்விக், ரப்பர் சொல்யூஷன் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழி விழும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ரப்பர் மீனுக்கு வளையம் இப்படி: 18 கேஜ் கட்டுக்கம்பி 12 செ.மீ. வெட்டி, நடுவில் 2 செ.மீ. விட்டத்தில் வளையமாக வளைத்து, இரு முனைகளையும் முதுகிலிருந்து வயிற்றுக்கு ஊடுருவ விடுங்கள். அடியில் ஒன்றோடொன்று முறுக்கி, முனையை மடக்கி ரப்பருக்குள் அழுத்தி, மேலே எம்-சீல் பூசுங்கள். அந்தக் கம்பியும் எம்-சீலும் அடியில் கனமாக இருப்பதால்தான் வளையம் வானத்தைப் பார்த்து நிற்கும். எம்-சீல் போடாவிட்டால் மீன் மல்லாந்துவிடும். வளையத்தில் காந்தமும் ஒட்டும், கொக்கியும் மாட்டும். துரு தள்ளிப்போக நகப்பூச்சு இரண்டு கை பூசலாம், காந்தப் பிடி குறையாது.

டப்பில் 5 செ.மீ. தண்ணீர் போதும், மீன் மிதக்க அதற்கு மேல் தேவையில்லை. அந்த அளவிலும் சின்னப் பிள்ளை முகம் கவிழ்ந்தால் ஆபத்துதான், ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், போனைக் கீழே வைத்துவிட்டு, உட்கார வேண்டும். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மறுவாரம்வரை வைத்தால் கொசுப்புழுதான் மீன்.


பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன விசயம். எல்லா மீனையும் ஒரே மாதிரி வெட்டாமல், உண்மையான மீன்ர வடிவில வெட்டுங்கோ. பிள்ளையள் பேரும் பழகுவினம். வஞ்சிரத்துக்கு (எங்களுக்கு அறக்குளா) நீண்ட உடம்பு, கவட்டை வால். வாளை நாடா மாதிரி, வால் கூராப் போய் முடியும், செட்டை வால் இல்லை. வவ்வால் சாய்சதுரம். திருக்கை தட்டையா, சாட்டை வாலோட. கெளுத்திக்கு மீசை. நெத்தலிக்குப் பக்கத்தில வெள்ளிக்கோடு ஒண்டு போட்டால் போதும்.

வாளையை மெல்லிசா வெட்டினால் தூக்கேக்க வளைஞ்சு விழும், முதுகில ஒரு ஈர்க்குத் துண்டு வைச்சு ஒட்டுங்கோ. திருக்கைக்கு வாயில கிளிப் வைக்காமல் நடு முதுகில வையுங்கோ, வாயில வைச்சால் அகல உடம்பு சரிஞ்சு காந்தத்தை விட்டுடும்.


வேப்பநிழல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தூண்டிலுக்கு மேக்னட் கேட்சே வாங்கிவிடுகிறோம், நியோடிமியம் கிடையாது. பெரிய பிள்ளைகளுக்குச் செருப்பு மீன், தண்ணீர். சின்னவர்களுக்குத் தரையில் நீலப் புடவை விரித்து அட்டை மீன். இன்னும் இரண்டு சந்தேகம்: ஒரே டப்பில் இரண்டு பேர் நின்றால் காந்தமும் காந்தமும் ஒட்டிக்கொள்ளாதா? 9 வயதுப் பையன்களுக்கு இது சீக்கிரம் சலித்துவிடாதா?


தக்கை எழுதியது:

மழலைவகுப்பு சொன்ன 31.7 கணக்கு சரி. என் பாட்டில் மூடித் தூண்டிலைப் பெரிய பிள்ளைகள் மட்டும் இருக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிக்கொள்ளும். கேட்சின் இரண்டு உதடுகளில் ஒன்று வடக்கு, ஒன்று தெற்கு. எப்படித் திருப்பினாலும் இன்னொரு கேட்ச் தனக்கு ஏற்ற பக்கம் கண்டுபிடித்துப் பூட்டிக்கொள்ளும், நூல் இரண்டும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு டப்புக்கு ஒரு காந்தத் தூண்டில், எதிரே நிற்பவருக்குக் கொக்கித் தூண்டில். அதே கட்டுக்கம்பியை 3 செ.மீ. அகல எஸ் வடிவில் வளைத்து, முனையைக் குறடால் சுருட்டி மொட்டையாக்குங்கள். கெண்டைக்குளம் சொன்ன வளையத்தில் மாட்டும். கொக்கி கொஞ்சம் கஷ்டம், ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூண்டிலை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பஞ்சாயத்து வரும்.

பெரிய பையன்களுக்கு எண்ணிக்கை விளையாட்டு பத்து நிமிடம்தான் தாங்கும். மீன் அடியில் எழுத்து எழுதி வையுங்கள். மிதக்கும்போது தெரியாது, எடுத்துத் திருப்பினால்தான் தெரியும். ரப்பர் மீனில் ஆயில் பெயின்ட்டால் எழுதினால் அழியாது. பிடித்த எழுத்துகளை வைத்துச் சொல் அமைக்க வேண்டும். 12 உயிரெழுத்தை மட்டும் எழுதினால் ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொல் தவிர வேறு சொல் அமைவது கஷ்டம். க, ப, ம, ட, ல, ர, ன், ம், ல், ள், மீ, வா, பா, கு, டி என்று எழுதுங்கள். மீன், பால், வாள், படம், கடல், மரம், பாடம், குடம், குடி, படகு எல்லாம் வரும். 18 மீன் இருந்தால் ம், ன், ல் மூன்றையும் இரண்டிரண்டாக வையுங்கள், முடிவில் நிற்கும் எழுத்துக்குத்தான் தட்டுப்பாடு வரும்.

இன்னொன்று கடல் மீன், ஆற்று மீன் பிரிப்பது. இரண்டு வாளி வைத்து விரால், கெளுத்தி, கெண்டை, அயிரையை ஒன்றிலும், வஞ்சிரம், வாளை, மத்தி, திருக்கையை மற்றதிலும் போடச் சொல்லுங்கள். தப்பான வாளியில் போட்டால் மீன் திரும்பக் குளத்துக்குப் போகும். கெளுத்தியில் சண்டை வரும், கடலிலும் கெளுத்தி உண்டு என்று ஒருவன் சொல்வான். அவன் சொல்வது சரிதான், அவனுக்கு ஒரு மீன் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.


மழலைவகுப்பு எழுதியது:

கடைசியாக ஒரு வேலை. தொடங்கும் முன் கேட்ச், மீன், கொக்கி எத்தனை என்று எண்ணி ஒரு தாளில் எழுதி டப்பின் பக்கத்தில் ஒட்டுங்கள். பிள்ளைகள் அறையை விட்டுப் போகும் முன் மறுபடி எண்ணுங்கள். கேட்ச் ஒன்று குறைந்தால் முதலில் இரும்பு மேசைக்கால், கதவு நாதாங்கி, நாற்காலிக்கு அடிப்பக்கம் பாருங்கள். அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.